மாவும் காணியும்: வாசகர் கேள்விகளுக்கு ஆச்சியின் பதில்கள்

தை இதழுக்கு வரும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே திசையில்தான் இருக்கும். சென்ற ஆண்டில் என்ன படித்தீர்கள், என்ன பார்த்தீர்கள், புதிதாக என்ன கற்றீர்கள், உடம்பை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்று கேட்டு எழுதிய வாசகர்களுக்கு, எங்கள் செட்டிநாட்டு வீடுகளின் பிள்ளையார் நோன்பில் இழை எடுத்துக்கொண்ட மறுநாள் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கினேன். எல்லாக் கடிதங்களுக்கும் இடமில்லை. ஒன்றோடொன்று தொடர்புள்ள ஏழு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கண்டனூர் வாசகர்: ஆண்டு முடிவில் நீங்கள் படித்த நூல்களை எண்ணிக்கையோடு அறிவிப்பீர்கள். சென்ற முறை 52 என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஆண்டு எத்தனை?

ஒன்பது. அதிலும் ஒன்று பாதியில் நிற்பதால், 34 ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்தவள் எட்டரை என்று எழுதுவதே முறை.

வைகாசியில் இடக்கண்ணுக்கும் ஆடியில் வலக்கண்ணுக்கும் கண்புரை அறுவை செய்துகொண்டேன். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் பழைய கண்ணாடி எந்தக் கண்ணுக்கும் பொருந்தாமல் போக, அச்செழுத்தின் மேல் பார்வையை ஓட்டினாலே தலை கனத்தது. அந்தச் சும்மா இருந்த நாட்களில்தான் முந்தைய ஆண்டின் 52 நூல்களையும் நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தேன். பதினெட்டுக்கு மேல் போகவில்லை. மற்றவற்றில் சிலவற்றுக்கு அட்டையின் நிறம் மட்டும் நினைவிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கு குறைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மெலிந்த நூல்களாகத் தேடி எடுத்துப் படித்திருந்தேன். வங்கியில் ஆண்டு முடிவில் இலக்கை எட்டுவதற்காகக் கிளைகள் செய்யும் வேலையை நான் கண்டித்ததுண்டு. அதையே என் மேசையில் செய்திருக்கிறேன்.

இந்த ஆண்டு பாதியில் நிற்பது கம்பராமாயணம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி நாளுக்குப் பத்துப் பாட்டு வாசிக்க, நான் கேட்கிறேன். பாடல்கள் பத்தாயிரத்துக்கும் மேல் இருப்பதால், ஒரு நாளும் விடாமல் வாசித்தாலும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். அவள் பல இடங்களில் சீரைத் தவறாகப் பிரித்து வாசிப்பாள். திருத்த வேண்டுமானால் அந்த இடத்தின் பொருள் எனக்கு முதலில் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணால் படித்த காலத்தில் விளங்கிவிட்டதாக எண்ணித் தாண்டிப்போன எத்தனையோ சொற்கள், ஒரு சிறுமியின் பிழையால் என்னைப் பிடித்து நிறுத்தின. இதை எட்டரையில் உள்ள அரை என்று எழுதுவது சரியா என்பதில் இப்போது எனக்கே ஐயம் உண்டு.

காரைக்குடி வாசகி: அப்படியானால் காதால் கேட்பதும் படிப்புதானா? ஒலிநூல்களை என் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமா?

தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கியது உங்கள் ஊரில்தான். அந்தத் திருவிழாவில் பாயை விரித்து உட்கார்ந்து கேட்டே கம்பனைக் கற்றவர்கள் நம் பக்கத்தில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். அவர்களில் பலர் நூலைத் திறந்ததே இல்லை. அவர்களிடம் போய், நீங்கள் படித்தவரில்லை என்று சொல்லிப் பாருங்கள்.

தேவகோட்டை வாசகி: எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு அறையில் பழைய கணக்கேடுகள் மூட்டையாகக் கிடக்கின்றன. உங்கள் வீட்டு ஏடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டதாக முன்பு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எப்படிக் கற்றீர்கள்? எங்கே தொடங்குவது?

இந்த ஆண்டில் நான் செய்த உருப்படியான காரியம் இது ஒன்றுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

என் கணவரின் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பர்மாவின் ரங்கூனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். அவருடைய பேரேடுகளும் குறிப்பேடுகளும் துணியில் கட்டி வைக்கப்பட்டிருந்தன. வங்கியில் வேலை பார்த்த மருமகள் என்ற மதிப்போடு அவற்றை என் பொறுப்பில் விட்டு 30 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு பக்கம்கூட எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது கண் தெளிந்த பிறகு, ஆவணியில்தான் முதல் கட்டை அவிழ்த்தேன்.

எண்களில் தொடங்குங்கள். ௧ முதல் ௯ வரை உள்ள குறிகள் க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ என்னும் எழுத்துகளின் சாயலில் இருப்பதால், ஒரு பிற்பகலில் மனத்தில் நின்றுவிடும். பழைய முறையில் சுழியம் எழுதுவதில்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக்குறிகள் உண்டு. 342 என்பதை ௩௱௪௰௨ என்று எழுதுவார்கள். மூன்று நூறு, நான்கு பத்து, இரண்டு என்று வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதும் முறை அது. அடுத்து ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள், ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி, ௹ ரூபாய் ஆகிய குறிகளைத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கப்பிள்ளையின் விரைவில் இவை கோணல் மாணலாக இருக்கும். ஒரே கையெழுத்தில் பத்துப் பக்கம் பார்த்தால் பழகிவிடும்.

ஆண்டுப் பெயரில் நான் ஏமாந்ததை நீங்கள் ஏமாற வேண்டாம். முதல் கட்டின் தலைப்பைப் ‘பிரமாதி’ என்று படித்து, 1939–40 என்று முடிவு செய்து, அதில் வரும் பங்காளிகளின் பெயர்கள் ஏன் எங்கள் வீட்டுக் கதைகளோடு ஒட்டவில்லை என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது ‘பிரமாதீச’, அதாவது 1913–14. ஐயாவுக்கு முந்தைய தலைமுறையின் கணக்கு. பெயரைச் சரியாகப் படித்தாலும், 60 ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது என்றால் 1936ஆகவும் இருக்கலாம், பஞ்சத்துக்குப் பெயர்போன 1876ஆகவும் இருக்கலாம். ஆகவே ஆண்டோடு கையெழுத்தையும், ஏட்டின் முகப்பில் யார் பெயர் இருக்கிறது என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

இனிப் பின்னங்கள். என்னைக் கட்டிப்போட்டவை இவைதான். மா என்பது இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. இன்னொரு வரிசையில் கால், அரைக்கால், மாகாணி என்று நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று. இரண்டு வரிசைகளும் ஏன் ஒரே பக்கத்தில் கலந்து வருகின்றன என்று விளங்காமல் ஒரு வாரம் திண்டாடினேன். ஒரு நாள் இரவு ‘மாகாணி’ என்ற சொல்லைச் சும்மா பிரித்துப் பார்த்தேன்: மா, காணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது பதினாறில் ஒன்று. முந்திரியில் சொன்னால், மாவுக்குப் பதினாறு, காணிக்கு நான்கு, ஆக மாகாணிக்கு இருபது முந்திரி. இருபதால் வகுக்கும் வரிசையையும் பதினாறால் வகுக்கும் வரிசையையும் மிச்சமில்லாமல் தாங்குவதற்காகவே முந்நூற்றிருபதை அடியில் வைத்திருக்கிறார்கள். படுக்கையை விட்டு எழுந்து விளக்கைப் போட்டுக் கூட்டிப் பார்த்தேன். பணி ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு மகிழ்ச்சியாக நான் கணக்குப் போட்டதில்லை.

ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் ஓர் அணா என்பது ரூபாயில் மாகாணி. அரைக்கால் என்றால் இரண்டணா. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்த பின்னும் 25 காசை நாம் நாலணா என்றே சொல்லிவந்தது இந்தக் கணக்கின் எச்சம்தான்.

ஏடு படிக்கப் பழகியதும் பின்னணி தேவைப்பட்டது. பர்மாவைப் பற்றிய இரண்டு வரலாற்று நூல்கள் என் ஒன்பதில் அடங்கும். 1930இல் கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் நூற்றில் ஆறு பங்கே அங்கு வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்கள் வசம் இருந்தது. நெல்விலை வீழ்ந்து, கடனைப் பணமாகத் திருப்ப இயலாத குடியானவர்களின் நிலம் கைமாறியதால், 1938க்குள் அது நான்கில் ஒரு பங்கானது. எங்கள் ஏட்டிலும் அந்த ஆண்டுகளில் வட்டி வரவு மெலிந்துகொண்டே போக, நிலத்தின் பேரில் வரும் பக்கங்கள் தடித்துக்கொண்டே போகின்றன. நிலத்தை இழந்தவர்களின் பெயர்களும் அங்கே தமிழ் எழுத்தில் இருக்கின்றன. நம் வளவுகளின் தேக்குத் தூண்களைப் பற்றிப் பெருமை பேசும்போது இந்தப் பக்கங்களையும் நினைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஆனால் நான் அதிக நேரம் செலவிட்டது வேறொரு பக்கத்தில். பெண்கள் தங்கள் சீதனப் பணத்தைக் கடையிலேயே வட்டிக்கு விட்டு வைப்பதுண்டு. அதற்கு ஆச்சிமார் பணம் என்று பெயர். அப்படி அப்பத்தாவின், அதாவது என் மாமியாருடைய மாமியாரின், பேரில் தனிக்கணக்கு இருக்கிறது. நல்லெண்ணெய், ஓலை, கோயிலுக்கு நெய் என்று சின்னச் சின்னப் பற்றுகள். அவற்றுக்கு நடுவே, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ‘புத்தக வகைக்கு ௹ ௧ அரைக்கால்’. ஒரு ரூபாய் இரண்டணா. 88 வயதாகும் என் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டினேன். “அவுக கையிலே புத்தகத்தை நான் பார்த்ததே இல்லையே” என்றார். யாருக்குத் தெரியாமல் எங்கே உட்கார்ந்து படித்தார் என்பதைக் கணக்கேடு சொல்லாது.

நீங்கள் செய்ய வேண்டியது: மூட்டையை அவிழ்க்கும் முன் எந்தக் கட்டோடு எந்தக் கட்டு இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், பகல் வெளிச்சத்தில் முகப்பிலிருந்து பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள், கிழிந்த இடத்தில் பசைநாடா ஒட்டாதீர்கள். பழைய பேப்பர்காரரிடம் மட்டும் போட்டுவிடாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுவதும் சேர்த்த அச்சுக் குவியல்தான், அவர் 1992இல் மறைந்த பின், 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி நூலகமாகத் தொடங்கப்பட்டது. நம் பக்கத்து வீடுகளில் குப்பை என்று ஒதுக்கியது எதுவும் குப்பை அல்ல என்று அவர் ஒருவர் நம்பியதன் பயன் அது.

பள்ளத்தூர் வாசகர்: எத்தனை இணையத் தொடர்கள் பார்த்தீர்கள்? எது சிறந்தது?

ஏழு தொடர்களைத் தொடங்கி இரண்டை முடித்தேன். இரண்டும் இப்போது என் நினைவில் ஒன்றாகக் கலந்துவிட்டன. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை, 20 நொடி பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவர் சொல்லியிருந்தார். வளவின் இந்த முனையில் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர்ப்பத்தியின், அதாவது எதிர்த் தாழ்வாரத்தின், தூண் அந்தத் தொலைவில் இருக்கிறது. பல நாட்களில் தூணைப் பார்த்த பிறகு திரைக்குத் திரும்ப மனம் வரவில்லை. தொடரின் தரம் அப்படி.

மாமியாரோடு சேர்ந்து ‘நாம் இருவர்’ பார்த்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த படம். 1947 சனவரியில், விடுதலைக்கு ஏழு மாதம் முன்பு வெளிவந்து, பாரதி பாடல்களை ஊர் ஊராகக் கொண்டுசென்றது. 1919இல் பாரதி காரைக்குடிக்கு வந்து, இந்து மதாபிமான சங்கத்தாரோடு கையில் தடியுடன் நின்று எடுத்துக்கொண்ட படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவர் வந்துபோன அதே ஊரில் 28 ஆண்டுகளுக்குள் அவர் பாட்டுக்குப் படப்பிடிப்பு நடந்திருக்கிறது. மாமியாருக்கு அப்போது பத்து வயதுகூட நிரம்பவில்லை. வில்வண்டியில் போய்க் கொட்டகையை வெளியிலிருந்து பார்த்ததாகச் சொன்னார். படத்தில் நம் ஊர் எங்காவது தெரியுமா என்று கடைசிவரை தேடினோம். எங்கள் கண்ணுக்கு எதுவும் படவில்லை.

சிறுகூடல்பட்டி வாசகர்: அறுபதுக்கு மேல் புதிதாக எதையும் கற்றுக்கொள்ள மூளை இடம் கொடுக்குமா? கொட்டான் பின்னவும் கற்றீர்களாமே?

கொட்டான் நம் பக்கத்து ஓலைக்கூடை. பனங்குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, சாயம் ஏற்றி, நனைத்துப் பின்ன வேண்டும். ‘ஒரே அகலத்தில்’ என்ற இடத்தில் என் கல்வி நிற்கிறது. நான் பின்னிய இரண்டு கொட்டான்களும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஒன்றில் கண்ணாடிக் கூடு வைத்திருக்கிறேன், இன்னொன்றைப் பேத்தி கேட்டும் கொடுக்கவில்லை.

மூளை இடம் கொடுக்குமா என்று கேட்கிறீர்கள். மகிபாலன்பட்டிக் கதிரேசன் செட்டியார் திண்ணைப் பள்ளியில் படித்தது சில மாதங்களே. கால் முடங்கி ஊன்றுகோலோடு நடந்தவர். வளர்ந்த பிறகு வடமொழியைக் கற்று, ஒரு முழு நாடகத்தை ‘மண்ணியல் சிறுதேர்’ என்று தமிழில் தந்தார், பண்டிதமணி ஆனார். அவருடைய மூளை நமக்கில்லை என்பது சரிதான். ஆனால் நம்மைத் தடுப்பது பெரும்பாலும் மூளை அன்று, பிறர் முன் தப்பாகச் செய்வதற்கு நாம் படும் கூச்சம். வங்கிக்காரி என்ற பெயரைக் காப்பாற்ற நான் 30 ஆண்டுகள் ஏட்டை அவிழ்க்காமல் இருந்ததும் அதனால்தான்.

புதுவயல் வாசகி: படுக்கையிலுள்ள மாமியாரை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். எனக்கென்று அரைமணி ஒதுக்கினாலும் தப்பு செய்வதுபோல் இருக்கிறது. நீங்கள் முன்பு எழுதிய 10,000 அடி நடைப்பழக்கம் தொடர்கிறதா?

தொடரவில்லை. ஐப்பசியில் ஓர் இரவு கைப்பேசி 9,400 காட்டியது. மிச்சம் 600 அடியையும் முடித்துவிட வேண்டும் என்று வளவைச் சுற்றத் தொடங்கினேன். முற்றத்துச் சாரல் பத்தியில் தெறித்திருந்தது. நனைந்த ஆத்தங்குடிக் கல்லின் வழுவழுப்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணுக்கால் பிசகி மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தேன்.

படுத்திருந்தபோதுதான் அந்த எண்ணின் கதையைப் படித்தேன். 1965இல் சப்பானில் அடிகளை எண்ணும் கருவி ஒன்று ‘பத்தாயிரம் அடி மானி’ என்ற பொருள்படும் பெயரோடு விற்பனைக்கு வந்தது. அந்த எண் எந்த மருத்துவ ஆய்விலிருந்தும் பிறந்ததன்று. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வேறு: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரத்தில் மூன்று நாளாவது உடற்சமநிலைப் பயிற்சி. காலையில் ஊருணிக் கரையில் 25 நிமிடம், வாரத்தில் ஆறு நாள் நடக்கிறேன், 150 ஆகிவிடுகிறது. 65க்கு எனக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தாலும், வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பதை இப்போதே தொடங்கிவிட்டேன். கண் அறுவையால் நிறுத்தியிருந்த வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலும் மருத்துவர் அனுமதித்த பின் திரும்ப வந்துவிட்டது. அவ்வளவுதான் என் உடற்பேணல்.

உங்கள் கேள்வியின் முதற்பகுதிதான் முக்கியம். நீங்கள் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதுதான் அதில் உள்ள தப்பு, அரைமணி அன்று. கோயில் வரியைப் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், இவ்வளவு என்று வாங்குகிறோம். பொது வீட்டுக்கு வெள்ளையடித்தால் பங்குக்கு இவ்வளவு என்று காசு காசாகப் பிரிக்கிறோம். பெற்றவளைப் பார்த்துக்கொள்வதற்கு மட்டும் பங்கு பிரிக்கக் கூச்சப்படுகிறோம். எனக்கு கணுக்கால் பிசகியபோது வேறு வழியின்றி என் கொழுந்தனார்மார் இருவரையும் அழைத்து, மாதத்தில் இத்தனை நாள் என்று எழுதிக் கையில் கொடுத்தேன். ஒருவர் முகம் சுளித்தார். இருந்தாலும் வருகிறார். உங்கள் வீட்டுப் பங்காளிகளுக்கும் அப்படி ஒரு தாள் எழுதுங்கள். வர முடியாதவர்கள் உதவிக்கு ஆள் வைக்கும் செலவை ஏற்கட்டும். இந்த இதழைக் காட்டி ஆச்சி சொன்னதாகவே சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் வாசகர்: உங்கள் ஏடுகளை நூலகத்துக்குக் கொடுத்துவிடுவீர்களா?

கொடுத்துவிடுவேன். வீட்டார் எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். படம் எடுத்து முடித்த கட்டுகள் பட்டாலைக் கூடத்தில் தயாராக இருக்கின்றன. விஷு ஆண்டு, அதாவது 1941–42இன் கட்டு மட்டும் இன்னும் சில மாதம் என்னிடம் இருக்கும்.

அந்த ஏட்டில் கார்த்திகை வரை ரங்கூனிலிருந்து மாதக் கணக்கு ஒழுங்காக வந்து ஏறியிருக்கிறது. 1941 டிசம்பர் 23ஆம் நாள், மார்கழியில், ரங்கூனின் மீது குண்டு விழுந்தது. அதற்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. ஆண்டு முடிவில் வரவு செலவை நேர்செய்யும் ஐந்தொகை கட்டவே இல்லை. அப்பத்தாவின் கணக்கும் அங்கேயே நிற்கிறது.

நான் முழுவதையும் படித்துவிட்டேன். மாமியாருக்கு ஒரேயடியாகக் கேட்கப் பொறுக்காது. விளக்கு வைத்த பிறகு நாளுக்கு ஒரு பக்கம் படிக்கச் சொல்கிறார். எண்ணெய் எவ்வளவு, ஓலை எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அந்தக் காலத்து விலையை வியந்து, ‘புத்தக வகைக்கு’ என்று வந்தால் மட்டும் மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்வார். இப்போது ஆவணி மாதம் வரை வந்திருக்கிறோம்.